நாலு பேர் பார்க்க ஒரு வட்டம்

கலை உலகத்தை மாற்றுமா என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சைக்கிள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. ஆனால் பக்கத்து ஊருக்குப் பாடம் நடத்தப் போக வேண்டிய பெண்ணுக்கு பஸ் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸும் இருட்டினால் வராது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண் தொண்டர்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் எழுத்தறிவு வேலையோடு சேர்த்தார். அது தொண்டர்களோடு நிற்காமல் குவாரியில் கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், ஊர் நர்சுகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பரவியது. அங்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு விவரம் சொல்கிறார்: பெண்கள் பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே!

இதில் கலைக்கு என்ன வேலை? சைக்கிள் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் போதும். முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். உண்மையான தடை ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்பது. அந்த நாலு பேருக்காகத்தான் பாட்டு கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், பெண்களைக் கூட்டமாக ஓட்டவைத்து ஊர்வலம் விட்டார்கள். ஒருத்தி தனியாக ஓட்டினால் அவளைப் பற்றிப் பேசுவார்கள். நூறு பேர் பாட்டோடு ஓட்டினால் சைக்கிளைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

கலை உலகத்தை மாற்றுமா என்ற கேள்வியை எங்கே எழுப்பினாலும் சட்டென்று மனித மனம், ஆன்மா, உணர்வு என்று பேச்சு போய்விடுகிறது. மனசு மாறுவதெல்லாம் ரொம்ப மெதுவான சமாச்சாரம். அதைக் கலையின் கணக்கில் எழுதுவதற்கு ஆதாரம் குறைவு. கலை வேகமாக மாற்றக்கூடியது வேறொன்று: ஊரில் மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பதை.

இதற்கு நல்ல சான்று ருவாண்டாவில் இருக்கிறது. 1994 இனப்படுகொலைக்குப் பத்தாண்டு கழித்து, 2004-ல், அங்கே ‘முசெகெவேயா’ என்ற வானொலித் தொடர்நாடகம் தொடங்கியது. ‘புதிய விடியல்’ என்று பொருள். இரண்டு ஊர்களுக்கு இடையே பகை வளர்வதும் மக்கள் அதை எதிர்த்துப் பேசுவதுமாகக் கதை போகும். எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர் இதை ஓராண்டு சோதித்துப் பார்த்தார். சில ஊர்களில் ஆட்கள் கூடி உட்கார்ந்து இந்த நாடகத்தைக் கேட்டார்கள். வேறு சில ஊர்களில் அதேபோல் கூடி, உடல்நலம் பற்றிய இன்னொரு தொடரைக் கேட்டார்கள். முடிவு 2009-ல் வெளியானது. நாடகம் கேட்டவர்களின் சொந்தக் கருத்து பெரிதாக மாறவில்லை. ஆனால் ‘நம் ஊரில் எது சரி, எதைப் பேசலாம்’ என்பது பற்றிய எண்ணமும், அவர்கள் நடந்துகொள்ளும் விதமும் மாறியிருந்தன.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் கடைசி நாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கேசட் ரேடியோவும், ஆண்டு முழுவதும் கேட்ட நிகழ்ச்சியின் கேசட்டுகளும் பொதுவில் கொடுக்கப்பட்டன. யார் வைத்துக்கொள்வது? உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் பெரும்பாலும் ஊர் அதிகாரியிடம் விட்டுவிடலாம் என்று சட்டென்று முடித்துவிட்டார்கள். பகை நாடகம் கேட்ட ஊர்களில் யாராவது ஒருவர் மறுத்துப் பேசினார், விவாதம் நீண்டது, எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது. ஒரு ரேடியோப் பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்பதற்கு அதிகாரியை மறுத்துப் பேசுவது அந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை.

தெருவில் வட்டமாக நின்று நடிக்கும் நாடகம் ஏன் வேலை செய்கிறது என்பதும் இதில் விளங்கிவிடும். சினிமா அரங்கில் இருட்டு. எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறோம், பக்கத்தில் இருப்பவர் அழுகிறாரா என்றுகூடத் தெரியாது. வட்டத்தில் நடிகனைத் தாண்டி எதிரே தெரிவது இன்னொரு பார்வையாளரின் முகம். மாமியார், கடைக்காரர், பண்ணை வைத்திருப்பவர், தலைவர் வீட்டுப் பையன். வட்டிக்காரனைக் கிண்டலடிக்கும் காட்சியில் எதிர்ப்பக்கம் சிரிப்பு வந்தால், ‘அட, இவங்களுக்கும் இப்படித்தான் தோணுதா’ என்ற எண்ணம் எழுகிறதே, நாடகத்தின் மொத்தப் பலனும் அதுதான். கதையை மறந்துவிடுவார்கள். சிரித்தது யார் என்பதை மறக்கமாட்டார்கள்.

இந்த வடிவம் நமக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980-லிருந்து அறிவியலைப் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதற்குக் கலாஜாதா என்று பெயர். 1987-ல் நாட்டின் ஐந்து மூலைகளிலிருந்து ஐந்து ஜாதாக்கள் கிளம்பி போபாலில் போய்ச் சேர்ந்தன. விஷவாயுக் கசிவு நடந்து அப்போது மூன்றாண்டு. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990 பிப்ரவரி 4-ல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அனுபவம்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வழியாக இங்கே அறிவொளிக் கலைப்பயணமாக வந்தது. இன்னொரு வழி வங்காளம்: மேடை, திரை, விளக்கு எதுவும் வேண்டாம் என்ற பாதல் சர்க்கார் 1980-ல் சென்னை சோழமண்டலத்தில் நடத்திய பயிலரங்கின் தடம் இன்றும் தமிழ் வீதி நாடகத்தில் தெரியும்.

இனி, இப்படியொரு கலைப்பயணம் நடத்தும் செய்முறை.

குழுவுக்குப் பன்னிரண்டு பேர் போதும். பதினைந்துக்கு மேல் போனால் சாப்பாடு போடும் ஊருக்குச் சிரமம், ஒரு வேனிலும் அடங்காது. எட்டுக்குக் கீழே போனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே நிகழ்ச்சி படுத்துவிடும். பன்னிரண்டில் குறைந்தது நான்கு பேர் பெண்கள். ஆண்களே சேலை கட்டி நடித்தால் என்ன என்று கேட்பார்கள். நடிக்கலாம். ஆனால் பெண்ணடிமைத்தனம் பற்றிய நாடகத்தில் பெண் வேடத்தை ஆண் போட்டால் கூட்டம் சேலையைப் பார்த்துச் சிரிக்கும், வசனம் காற்றில் போகும். ஒரு பெண் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வட்டத்தின் நடுவில் பறை அடித்தால், நாடகம் தொடங்குவதற்கு முன்பே பாதி வாதம் முடிந்தது. பெண்கள் வருகிறார்கள் என்றால் கழிப்பறை உள்ள, தாழ்ப்பாள் உள்ள தங்குமிடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஊர்ப் பட்டியல் போடுங்கள். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட குழுக்களில் இரண்டாம் வாரமே பெண்கள் குறைந்துவிடுவார்கள்.

பயிற்சிக்குப் பத்து நாள். முதல் மூன்று நாள் பாட்டும் உடற்பயிற்சியும் குரலும் மட்டும். மைக் இல்லாமல் திறந்தவெளியில் பதினைந்து மீட்டருக்குக் குரல் போக வேண்டும்; கத்தினால் போகாது, வயிற்றிலிருந்து மெதுவாக, கடைசி எழுத்தை விழுங்காமல் பேசினால் போகும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, வாக்கியத்தின் முதல் சொல்லை உரக்கச் சொல்லிக் கடைசிச் சொல்லைத் தின்பது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அதைத் தின்றால் செய்தான் என்பதா, செய்யவில்லை என்பதா என்றே கூட்டத்துக்குத் தெரியாது. வசனம் பேசுகிறவர் ஒரு பக்கமாகவே நின்றுவிடவும் கூடாது. முதுகு தெரிகிற பக்கத்துக் கூட்டம் இரண்டு நிமிஷத்தில் பேச ஆரம்பித்துவிடும். ஒரு வாக்கியத்துக்குக் கால் வட்டம் திரும்புவது என்று பழக்கினால் தன்னால் சரியாகும்.

நிகழ்ச்சி மொத்தம் ஒன்றரை மணி நேரம். கூட்டம் சேர்க்க இருபது நிமிஷம் பறையும் பாட்டும், இருபது நிமிஷ நாடகம் இரண்டு, இடையில் பாட்டு, கடைசிப் பத்து நிமிஷம் பெயர் எழுதும் நோட்டு. நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரு மாலைக்கு இரண்டு ஊர் போதும். மூன்று ஊர் என்று திட்டம் போட்டால் ஐந்தாம் நாளே பாடகருக்குத் தொண்டை கட்டும்.

பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரைக் கூட்டுவது அதுதான், ஊரைப் பிரிப்பதும் சில இடங்களில் அதுவேதான். கட்டையை மூன்று துண்டாக வளைவாக வெட்டி, இரும்புப் பட்டை அடித்து வட்டமாகச் சேர்த்திருப்பார்கள். மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டி இழுத்திருப்பார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்புக்குச்சி. மார்கழி, தை மாதங்களில் சாயந்தரப் பனி இறங்கினால் தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்று சத்தம் செத்துவிடும். வைக்கோலைக் குவித்துப் பற்றவைத்து, தோலைத் தீக்கு நேராகக் காட்டிச் சுற்றிக்கொண்டே காய்ச்ச வேண்டும். சருகோ கட்டையோ வேண்டாம். வைக்கோல் தீதான் சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும். தீயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். ‘டங்’ என்று கணீரென்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று ஆசைப்பட்டால் ஓரத்தில் கிழியும், அன்றைக்கு அதோடு முடிந்தது. காய்ச்சிய பறை பனியில் அரைமணி நேரம் தாங்கும். அதனால் இரண்டு பறையாவது வேண்டும். ஒன்று அடிபடும்போது இன்னொன்று தீயில்.

பறை சாவுக்கு அடிப்பது, இன்ன சாதியார் அடிப்பது என்ற எண்ணம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. பறை வேண்டாம், தபேலாவோ டோலக்கோ வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பிரச்சினை வேண்டாமென்று ஒத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. என் கருத்தில் அது தப்பு. பறையை யார் அடிக்கிறார் என்பதைப் பார்த்தே கூட்டத்துக்குப் பாதிச் செய்தி போய்ச் சேரும். அதை விட்டுக்கொடுத்துவிட்டு மீதிச் செய்தியை வசனத்தில் சொல்லிப் பயனில்லை.

அடுத்தது இடம். பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. ஊர்ப் பொது மந்தையில் போட்டால் காலனி (தலித் குடியிருப்பு) ஆட்கள் தூரத்தில் நிற்பார்கள், சில ஊர்களில் வரவேமாட்டார்கள். காலனியில் போட்டால் ஊரார் எட்டிப் பார்க்கமாட்டார்கள். வட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முழு விஷயமும் என்றால், தப்பான இடத்தில் போட்ட நல்ல நாடகம் ஊரில் இருக்கிற பிரிவையே ஒருமுறை ஒத்திகை பார்த்துக் காட்டிவிட்டுப் போகும். பள்ளிக்கூட மைதானம் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் பறை அடித்துக்கொண்டு காலனியிலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு, அந்த ஆட்களோடு சேர்ந்தே பொது இடத்துக்கு வருவது. ஊர்வலம் எந்தத் தெரு வழியாக வரும் என்பதை முந்தின வாரமே ஊரில் பேசி முடிக்க வேண்டும். அன்றைக்குத் தெருமுனையில் நின்று பேரம் பேசக்கூடாது. அடிதடி வந்தால் வேனில் ஏறிப் போகப்போவது குழு. அங்கேயே இருக்கப்போவது காலனி.

இடம் முடிவானதும் சின்ன விவரங்கள். ஒரு பக்கமாவது சுவரோ கட்டடமோ இருந்தால் குரல் திரும்பி வரும். ஆலமரம் அழகாக இருக்கும், ஆனால் சாயந்தரம் ஆறு மணிக்கு அதில் அடையும் பறவைகளோடு போட்டிபோட எந்தக் குரலாலும் முடியாது. டீக்கடைக்குப் பக்கத்தில் போட்டால் ஆண்கள் மட்டும் நிற்பார்கள். தரையில் சுண்ணாம்புத்தூளால் ஐந்து மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் போடுங்கள். கோடு இல்லையென்றால் பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து நடிகரின் காலடிக்கே வந்துவிடுவார்கள். முதல் வரிசை பிள்ளைகளுக்கு, அடுத்து பெண்கள் உட்கார இடம் விட்டு, நிற்பவர்கள் பின்னால். நேரம்? வேலைவிட்டு வந்து, உலை வைப்பதற்கு முன் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அது ஊருக்கு ஊர் மாறும். அதைத் தலைவரிடம் கேட்காதீர்கள், தண்ணீர்க் குழாயடியில் பெண்களிடம் கேளுங்கள்.

நாடகம் எழுதுவதில் ஒரே ஒரு விதி: ஒரு நாடகம், ஒரு சிக்கல். இருபது நிமிஷத்துக்குள் குடி, வரதட்சணை, சுகாதாரம், எழுத்தறிவு நான்கையும் சேர்த்துப் போட்ட நாடகங்கள் நிறைய. கேட்டால், நிதி கொடுத்தவர்கள் நான்கையும் கேட்டார்கள் என்பார்கள். கடைசியில் ஒருவர் முன்னால் வந்து ‘ஆகவே பொதுமக்களே’ என்று ஆரம்பித்தால், அதுவரை வட்டமாக இருந்த கூட்டம் மறுபடி வகுப்பறை ஆகிவிடும்.

குடிக்கு எதிரான நாடகத்தில் நிச்சயமாக நடக்கும் விபத்து ஒன்று உண்டு. குழுவிலேயே நன்றாக நடிக்கிறவருக்குத்தான் குடிகாரர் வேடம் போகும். தள்ளாடுவார், மின்கம்பத்தோடு பேசுவார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நாடகம் முடிந்தபின் பிள்ளைகள் ஒரு வாரம் அவரைப்போலவே தள்ளாடி விளையாடும். மனைவியாக நடித்தவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஆக, குடிக்கு எதிரான நாடகம் குடிகாரரை ஊரிலேயே விரும்பத்தக்க ஆளாக ஆக்கிவிட்டுப் போகும். இதற்கு வழி சிரிப்பை வெட்டுவதில்லை, வெட்டினால் கூட்டம் கலையும். மூன்று நிமிஷம் சிரிக்கவிடுங்கள். அப்புறம் அவர் விழுந்து தூங்க, மனைவி வந்து அவர் சட்டைப்பையிலிருந்து மிச்சச் சில்லறையை எடுத்து, வாய்விட்டு எண்ண வேண்டும். அரிசிக்கு இவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு, சின்னவன் நோட்டுக்கு… அங்கே நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மூன்றாவது முறை எண்ணும்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் தொகையைச் சேர்ந்து சொல்வார். வசனம் எதுவும் தேவைப்படாது.

இன்னொரு விபத்து இதைவிட மோசம். 1990-களின் இறுதியில் தர்மபுரி மாவட்டத்தில் பெண்சிசுக் கொலைக்கு எதிராகப் பெரிய கலைப்பயணம் நடந்தது. இந்த மாதிரிப் பொருளை எடுக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கொலை செய்யும் முறையை மேடையில் காட்டவே கூடாது; தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்ததாக முடியும். குற்றத்தைத் தாயின் தலையில் சுமத்தவும் கூடாது. பிரசவித்து மூன்று நாள் ஆன பெண் அந்த வீட்டில் என்ன முடிவெடுக்க முடியும்? கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற தாய் தலைகுனிவாள். முடிவெடுத்த மாமனார் ‘பாத்தியா’ என்று நிமிர்ந்து உட்காருவார். சீரும் நகையும் கேட்கிற பக்கத்திலிருந்து கதையைத் தொடங்கினால் குனிய வேண்டிய தலை குனியும். தர்மபுரியில் சிசு மரணங்கள் குறைந்ததற்கு நாடகம் மட்டும் காரணமில்லை. ஊர் நர்சுகள் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் ஊரே பேசிவிட்டதால், கதவைத் தட்டும் நர்சைப் பார்த்து ‘எங்க வீட்டு விஷயம்’ என்று சொல்வது கொஞ்சம் கஷ்டமாயிற்று. கருவிலேயே பார்த்துவிடும் ஸ்கேன் சென்டரை எந்தப் பாட்டாலும் மூட முடியாது. அதற்குச் சட்டமும் சோதனையும் வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நாம் நடிக்க ஊர் பார்ப்பது. ஊரே நடிக்கும் வகை ஒன்றும் இருக்கிறது. பிரேசில்காரர் அகஸ்டோ போவால் 1960-களில் நாட்டின் வடகிழக்கில் குழுவோடு போய், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடி நடித்தார். நாடகம் முடிந்ததும் விர்ஜிலியோ என்ற விவசாயி கண்ணீரோடு வந்து, உங்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், இப்போதே போய் நிலத்தை மீட்கலாம் என்றார். இவை அட்டைத் துப்பாக்கிகள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சரி, நிஜத் துப்பாக்கி எங்களிடம் இருக்கிறது, நீங்கள் ஆட்களாக வாருங்கள் என்றார் விர்ஜிலியோ. குழுவில் யாரும் போகவில்லை. ‘ரத்தம் சிந்துவோம்’ என்று பாடியபோது சொன்னது தங்கள் ரத்தத்தை அல்ல என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. நம் பக்கத்து எழுச்சிப் பாடல்கள் பலவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அதன்பின் நாடு கடந்து வாழ்ந்த போவால், 1973-ல் பெருவில் ஒரு எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். அங்கே ஒரு பெண்ணின் கதை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். கணவன் அவ்வப்போது சில காகிதங்களைக் கொடுத்து முக்கியமான பத்திரங்கள், பத்திரமாக வை என்பான். அக்கம்பக்கத்தில் காட்டிப் படிக்கச் சொன்னால், அத்தனையும் அவனுடைய காதலியின் கடிதங்கள். இன்றிரவு அவன் வீட்டுக்கு வருகிறான், அவள் என்ன செய்யலாம்? கூட்டம் யோசனை சொல்லச் சொல்ல நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண்மணி, அவனிடம் தெளிவாகப் பேச வேண்டும் என்றார். நடிகை பேசினாள். இல்லை, இன்னும் தெளிவாக என்றார். எத்தனை முறை நடித்தும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில், நீங்களே வந்து காட்டுங்கள் என்றதும் மேடையேறி, விளக்குமாற்றை எடுத்து கணவனாக நடித்தவரை வெளுத்துவிட்டு, போய்ச் சோறு எடுத்து வை என்றார். அவருடைய ‘தெளிவாகப் பேசுவது’ அதுதான். பார்வையாளரே நடிகரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் மன்ற நாடகம் (Forum Theatre) அங்கே பிறந்தது.

அதைச் செய்வது இப்படி. பத்துப் பதினைந்து நிமிஷ நாடகம், தோல்வியில் முடிய வேண்டும். உதாரணமாக, நூறுநாள் வேலையில் கூலி குறைத்துக் கொடுக்கப்படுகிறது, பெண் கேட்கிறாள், விரட்டப்படுகிறாள். முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் வட்டத்துக்கு வந்து, மறுபடி போடுகிறோம், எந்த இடத்தில் அவள் வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று தோன்றுகிறதோ அங்கே ‘நிறுத்து’ என்று சொல்லுங்கள் என்பார். சொன்னவர் உள்ளே வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நடிப்பார். மாற்றக்கூடியது பாதிக்கப்பட்டவரின் வேடத்தை மட்டும். அதிகாரியின் வேடத்தை யாராவது எடுத்து அவரை நல்லவராக்கிவிட்டால் சிக்கல் மாயமாகத் தீர்ந்துவிடும், ஊருக்கு ஒன்றும் கிடைக்காது. அதிகாரியாக நடிப்பவர்தான் இதில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். அட்டை எண் என்ன, வருகைப்பதிவேட்டில் பெயர் எங்கே, மனு எழுதிக் கொண்டுவா, நாளைக்கு வா என்று நிஜ அலுவலகத்தில் என்னென்ன சொல்வார்களோ அத்தனையும் அவர் நாக்கில் இருக்க வேண்டும். சுலபமாக விட்டுக்கொடுத்தால் மறுநாள் நிஜ அலுவலகத்தில் அந்தப் பெண் ஏமாறுவாள்.

முதல் ‘நிறுத்து’ வருவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகலாம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஒருங்கிணைப்பாளரே யோசனை சொல்லிவிட்டால் அன்றைய நிகழ்ச்சி கெட்டது. முதலில் வருகிறவர் பெரும்பாலும் படித்த இளைஞராக இருப்பார். நன்றி சொல்லி உட்காரவைத்துவிட்டு, கூலி வாங்கும் பெண்கள் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். வங்காளத்தில் ஜன சன்ஸ்கிருதி என்ற குழு 1985-லிருந்து விவசாயத் தொழிலாளர்களோடு இப்படித்தான் வேலை செய்துவருகிறது. போவால் இதை அரசியலுக்கே கொண்டுபோனார்: ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக 1993 முதல் 1996 வரை இருந்தபோது, தெருவில் நடந்த நாடகங்களில் எழுந்த யோசனைகளை மசோதாவாக்கினார். 13 சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, நகர மருத்துவமனைகளில் முதியோருக்கான தனிச் சிகிச்சை பற்றியது.

இந்தக் கருவிக்குத் தானாக நல்ல பக்கம் என்று ஒன்று கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ருவாண்டாவிலேயே, 1994-க்கு முன், இதே வானொலி வழியாகப் பாட்டுகளாலும் பகையை ஊருக்கு இயல்பாக்கினார்கள். புகழ்பெற்ற பாடகர் சைமன் பிக்கிண்டிக்கு 2008-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் 15 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஒலிபெருக்கியில் அவர் நேரடியாகக் கொலைக்குத் தூண்டியதற்காக. பக்கத்து வீட்டுக்காரரை வெறுப்பது ஊர் வழக்கம் என்று ‘நாலு பேரை’ நம்பவைப்பதும் கலையால் முடிகிற காரியமே.

வட்டத்தில் வந்து நிற்பதே சில நேரம் முழுச் செய்தியாகிவிடும். 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத்தை அடுத்த ஜண்டாபூரில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற வீதி நாடகக் குழு நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்குதல் நடந்தது. தாக்கப்பட்ட, குழுவின் முன்னணிக் கலைஞர் சப்தர் ஹஷ்மி மறுநாள் இறந்தார். ஜனவரி 4-ம் தேதி அவருடைய மனைவி மொலொயஸ்ரீ ஹஷ்மியும் குழுவும் அதே இடத்துக்குத் திரும்பிப்போய் நின்றுபோன நாடகத்தை முடித்தார்கள். அதைப் பார்க்க வந்தவர்களில் பலருக்கு வசனம் காதில் விழுந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம். அன்றைக்கு வந்து நின்றதுதான் அவர்களுடைய கருத்து.

இனி அந்த நோட்டு. நாடகத்தின் சூடு ஒரு ராத்திரி தாங்கும், அதிகம் போனால் இரண்டு. அதற்குள் யாராவது பிடித்துக்கொள்ளவில்லையென்றால் வீண். ‘விழிப்புணர்வு’ என்ற பெயரில் இப்போது நடப்பதில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது: ஒரு நாளைக்கு ஐந்து இடம், இடத்துக்கு இருபது நிமிஷம், பேனர் பிடித்துப் போட்டோ, ஊராட்சிச் செயலரிடம் கையெழுத்து, அடுத்த ஊர். போட்டோவில் இருக்கும் பாதிப்பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். கலையால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அறிவொளிக் காலத்து வழக்கம் இது: கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டம் கலைவதற்கு முன்பே நோட்டு வெளியே வந்துவிட வேண்டும். பாடம் நடத்தப்போகிற அந்த ஊர்ப் பெண்ணோ பையனோ வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். குழுவில் ஒருவர் நின்றால் போதாது, குழு நாளைக்கு இருக்காது. பெயரைச் சொல்லச் சொல்லி எழுதுவதற்குப் பதில், எழுதி அவர்களிடமே காட்ட வேண்டும்: ‘இதுதான் உங்க பேரு.’ அதுவரை வெற்றிலைப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தவர் குனிந்து பார்ப்பார். ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் என்பது கணக்கு. முப்பது பெயர் சேர்ந்துவிட்டது, தொண்டர் ஒருவர்தான் என்றால், அன்றைக்கே இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடிக்காமல் ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது. வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு, அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் யார் பொறுப்பு என்ற மூன்றையும் கூட்டத்தில் உரக்கச் சொல்லவைக்க வேண்டும். நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்ட நேரத்துக்கு ஆள் வருவார்.

அப்போது மொத்தப் பாடமும் மூன்று புத்தகம், ஏறக்குறைய 200 மணி நேரம். தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்திருந்த அளவுகோல்: நிமிஷத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொல் பார்த்து எழுத வேண்டும், சொல்லச் சொல்ல 5 சொல் எழுத வேண்டும், நூறு வரை எண் தெரிய வேண்டும். கலைப்பயணம் பலித்ததா என்று பார்க்க, வந்த தலைகளை எண்ணாமல் நோட்டில் இருக்கும் பெயர்களை எண்ணுங்கள். மூன்றாம் நாள் எத்தனை பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் எத்தனை பேர், மூன்றாம் மாதம் எத்தனை பேர். முதல் சரிவு விதைப்பிலும் அறுவடையிலும் வரும். வகுப்பை நிறுத்தாமல் நேரத்தை மாற்றினால் பாதிப்பேர் திரும்புவார்கள்.

மூன்றாம் வாரச் சரிவுக்கு இன்னொரு காரணம் உண்டு, அது பலருக்குத் தோன்றுவதே இல்லை. நாற்பது தாண்டியவர்கள், ‘எனக்கு மண்டையில ஏறலம்மா’ என்று சொல்லிவிட்டு நின்றுபோவார்கள். நாடகத்தில் தூக்கிவிட்ட ஆசை போய்விட்டது என்று நினைத்து மறுபடி பாட்டுப் பாடிக் கூப்பிடப் போகாதீர்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார் என்று பாருங்கள். கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்தால் அது வெள்ளெழுத்து. கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.